எனக்கா, நானா? ஆங்கிலப் புலன் வினைகளில் காலம் பிழைக்காமல் பேசவும் எழுதவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வருகிறது. இணைப்பு விட்டு விட்டு வருகிறது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, “ஆர் யூ ஹியரிங் மீ?” என்கிறார். அங்கே பிறந்த பேரப்பிள்ளைக்கு அது விளங்கும். ஆனால் அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்கும்போது “கேன் யூ ஹியர் மீ?” என்றுதான் கேட்கும்.

இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் இருப்பதுதான் இன்றைய பாடம். பார்த்தல், கேட்டல், மணத்தல், சுவைத்தல், தொட்டுணர்தல் ஆகிய ஐந்து புலன்களுக்கும் உரிய ஆங்கில வினைகள் ஏனைய வினைகளைப் போல எல்லாக் காலத்துக்கும் வளைந்து கொடுப்பதில்லை. எங்களுடைய ரியூசன் கொப்பிகளில் இதற்கு ஒரு பட்டியல் இருக்கும்: “ஸீ, ஹியர், ஸ்மெல், ரேஸ்ற், ஃபீல். இவற்றுக்கு இங் சேர்க்கக்கூடாது.” இங் என்பது வினையின் கடைசியில் ஒட்டும் ஐ.என்.ஜி. பிள்ளைகளும் பாடமாக்குவார்கள். பிறகு பாடப்புத்தகத்திலேயே “ஷீ இஸ் ஸ்மெல்லிங் த ஃப்ளவர்” என்று ஒரு வசனம் வரும். பட்டியல் அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

பட்டியல் வேண்டாம் என்பதே என் கட்சி. எந்தச் சொல் என்று பார்க்கக்கூடாது, யார் செய்கிறார் என்று பார்க்கவேண்டும். அந்த வித்தியாசத்தைப் பிடிக்கும் கருவி எங்கள் பேச்சுத் தமிழிலேயே இருக்கிறது.

படி 1: தமிழில் சொல்லி, எழுவாயைப் பாருங்கள்

வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சுகிறார்கள். மூன்று வசனங்கள் காதில் விழுகின்றன.

“அம்மா கூழை உப்புப் பாக்கிறா.”
“எனக்குப் பழப்புளி தெரியுது.”
“கூழ் நல்லா உறைக்குது.”

மூன்றும் நாக்கோடு சம்பந்தப்பட்டவைதான். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே வினை போதும்:

“அம்மா இஸ் ரேஸ்ரிங் த கூழ்.”
“ஐ கேன் ரேஸ்ற் த ராமரிண்ட்.”
“த கூழ் ரேஸ்ற்ஸ் வெரி ஸ்பைஸி.”

முதலாவதில் அம்மா வேண்டுமென்று ஒரு வேலை செய்கிறா. அகப்பையை எடுக்கிறா, உள்ளங்கையில் விடுகிறா, நக்கிப் பார்க்கிறா. வேலை என்றால் அது நடந்துகொண்டிருக்கலாம், ஆகவே இங் வரும். இதை நான்-வகை என்போம். இரண்டாவதில் நான் ஒன்றும் செய்யவில்லை, புளி தானாக வந்து நாக்கில் படுகிறது. இது எனக்கு-வகை. இங் வராது, அந்த இடத்தில் கேன் வரும். மூன்றாவதில் பேச்சு கூழைப் பற்றியது, உணர்கிற ஆளே வசனத்தில் இல்லை. இது அது-வகை. பெரும்பாலும் சாதாரண நிகழ்காலம்தான்.

எனக்கு-வகையை ஆங்கில இலக்கணக்காரர்களும் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெஃப்ரி லீச் 1971இல் இதைச் சடப் புலனுணர்வு என்ற பொருள்படக் குறித்தார். உணர்பவர் சடம்போல இருக்க, உணர்வு தானாக வருகிறது என்பது கருத்து. அவர் ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்லவேண்டியதை நாங்கள் ஒரு நான்காம் வேற்றுமை உருபில் சொல்லிவிடுகிறோம்.

எனக்கா நானா என்று ஐயம் வந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. வினையோடு “பார்” என்பதைச் சேர்த்துப் பாருங்கள். மணந்து பார், தொட்டுப் பார், சுவைச்சுப் பார். பொருள் மாறாமல் பார் ஒட்டினால் அது நான்-வகை. “எனக்கு மணந்து பாக்குது” என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரேயொரு வில்லங்கம் காண் என்ற வினை. “உங்களை நேற்றுச் சந்தையிலை கண்டனான்” என்கிறோம். எழுவாய் நான், ஆனாலும் வேண்டுமென்று பார்த்ததல்ல, கண்ணில் பட்டது. ஆகவே கண்டன் என்றால் ஸோ, பாத்தன் என்றால் லுக்ட் அல்லது வொட்ச்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் கண்டன் இன்னும் புழங்குவதால் இந்த இடத்தில் எங்களுக்கு வேலை லேசு.

படி 2: சொல்லைத் தெரிவு செய்யுங்கள்

சுவை, மணம், தொடுகை மூன்றுக்கும் ஆங்கிலம் ஒவ்வொரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று வகைக்கும் ஓட்டுகிறது. கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் தனித்தனிச் சொற்கள்.

கண்: எனக்குத் தெரியுது என்றால் ஸீ. நான் பாக்கிறன் என்றால் லுக் அற் அல்லது வொட்ச். அது அழகாத் தெரியுது என்றால் லுக்.

காது: எனக்குக் கேக்குது என்றால் ஹியர். நான் கேக்கிறன் என்றால் லிஸன் ரு. அது கேக்க நல்லாயிருக்கு என்றால் சவுண்ட்.

லுக் அற், வொட்ச் இரண்டுக்கும் வித்தியாசம் சின்னது. அசையாமல் இருப்பதைப் பார்த்தால் லுக் அற், அசைவதை, மாறுவதைத் தொடர்ந்து பார்த்தால் வொட்ச். கிரிக்கெட், ரீவி, தேர் இழுக்கிறது எல்லாம் வொட்ச்.

அது-வகையில் பின்னால் வருவது பெயரடை. “இற் ஸ்மெல்ஸ் ஸ்வீற்” சரி, “ஸ்வீற்லி” பிழை. “ஹீ லுக்ட் அங்க்ரி” என்றால் அவர் முகம் கோபமாக இருந்தது. “ஹீ லுக்ட் அற் மீ அங்க்ரிலி” என்றால் அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். முன்னையது அது-வகை, பின்னையது நான்-வகை.

படி 3: நிகழ்காலத்தில் ‘கொண்டிருக்கு’வை நம்பாதீர்கள்

பிழை பிறக்கும் இடம் இதுதான். “கொண்டிரு வந்தால் இங் போடு” என்று சின்ன வகுப்பிலேயே பழக்கிவிடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கிறான் என்றால் ரன்னிங், படிச்சுக்கொண்டிருக்கிறான் என்றால் ஸ்ரடியிங். அங்கெல்லாம் சரியாகவே வரும். ஆனால் தமிழ் புலன் வினைக்கும் தாராளமாகக் கொண்டிரு போடும். “கோயில் மணி கேட்டுக்கொண்டிருக்கு” என்பது நல்ல தமிழ். அதை அப்படியே மாற்றினால் “ஐ ஆம் ஹியரிங் த ரெம்பிள் பெல்” என்று வந்துவிடும்.

ஆகவே கொண்டிருக்கு என்ற வாலை விட்டுவிட்டுத் தலையைப் பாருங்கள். கேட்டுக்கொண்டிருக்கிறது யாருக்கு? எனக்கு. அப்படியென்றால் “ஐ கேன் ஹியர் த ரெம்பிள் பெல்.” அதே நேரம், “நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறன்” என்பதில் தலை நான். “ஐ ஆம் லிஸனிங் ரு த ரேடியோ.”

இங்கே வரும் கேன், நீந்த முடியும், கார் ஓடத் தெரியும் என்கிற ஆற்றல் பொருளில் வருவதல்ல. இப்போது இந்தக் கணத்தில் புலனில் படுகிறது என்பதுதான் அதன் பொருள். கேன் என்றால் முடியும் என்று மட்டும் படித்தவர்கள், “மணி கேக்குது என்கிறதுக்கு ஏன் ‘கேட்க முடியும்’ எண்டு சொல்லவேணும்?” என்று கேட்பதுண்டு. புலன் வினைக்குப் பக்கத்தில் கேன் வந்தால் அது தொடர்நிகழ்காலத்தின் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். எதிர்மறையும் அப்படியே. “உங்கடை குரல் கேக்கேல்லை” என்பது “ஐ கான்ற் ஹியர் யூ.”

கேன் இல்லாமல் வெறுமனே “ஐ ஸீ எ ஷிப்!” என்றும் சொல்லலாம். அது கண்ணில் பட்ட கணத்தில் கத்துவது. வழமையாக நடப்பதற்கும் சாதாரண நிகழ்காலமே: “ஐ ஹியர் த பெல் எவ்ரி மோர்னிங்.”

“ஐ ஆம் ஹியரிங்” என்று பேசினால் பாவமா? தென்னாசியா முழுக்க அப்படிப் பேசுகிறார்கள், எல்லாருக்கும் விளங்குகிறது. கடையிலும் கந்தோரிலும் அதைத் திருத்திக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் கதை வேறு. எழுத்துக்கும் பேச்சுக்கும் நான்கு அளவுகோல்கள், அவற்றில் ஒன்று இலக்கண வீச்சும் துல்லியமும். அந்தப் பகுதிகளின் புள்ளியில் கால்வாசி அதற்குப் போகிறது.

படி 4: இறந்தகாலத்தில் கணமா, நிலையா?

நிகழ்காலத்தில் கேன் செய்த வேலையை இறந்தகாலத்தில் குட் செய்யும். ஆனால் இங்கே சாதாரண இறந்தகாலமும் போட்டிக்கு வரும், இரண்டுக்கும் பொருள் ஒன்றல்ல.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் போகிறீர்கள். கரை கிட்ட வர, நாகபூசணி அம்மன் கோயில் கோபுரம் கண்ணில் படுகிறது. அந்தக் கணம்: “சடின்லி ஐ ஸோ த கோபுரம்.” அதன் பிறகு இறங்கும்வரை கோபுரம் தெரிந்துகொண்டேயிருக்கிறது: “வீ குட் ஸீ த கோபுரம் ஓல் த வே.” கண்டன் என்பது ஸோ, தெரிஞ்சுது என்பது குட் ஸீ.

தத்துவ அறிஞர் செனோ வெண்ட்லர் 1957இல் எழுதிய ஒரு கட்டுரையில் வினைகளை நான்காகப் பிரித்தார்: நிலை, செயல், முடிவுள்ள செயல், கணத்தில் நிகழ்வது. இன்றுவரை மொழியியலில் அந்தப் பிரிப்பு ஓடுகிறது. ஸீ என்ற வினை அவருக்கு ஒரு பெட்டிக்குள் அடங்கவில்லை. சில வேளை அது கணத்தில் நிகழ்வது, சில வேளை நீடிக்கும் நிலை. கோபுரத்தில் நாங்கள் பார்த்ததும் அதுவே. இரண்டு பெட்டியிலும் செயல் என்ற பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். இங் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு அதிலேயே விடை இருக்கிறது.

நான்-வகை இறந்தகாலத்தில் வழமைபோல வொஸ் இங். இரண்டு வகையையும் ஒரே வசனத்தில் போட்டால் வடிவாக விளங்கும். வகுப்பில் மாஸ்ரர் கதைக்கிறார், பெடியன் யன்னலுக்கு வெளியே பார்க்கிறான். “சத்தம் கேட்டுது, ஆனா நான் கேக்கேல்லை.” ஆங்கிலத்தில்: “ஐ குட் ஹியர் ஹிம், பட் ஐ வொஸ்ன்ற் லிஸனிங்.”

படி 5: பின்னால் இன்னொரு வினை வந்தால்

அதிகம் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. பேச்சில் ஓரளவு தப்பினாலும் எழுத்தில் இந்த இடத்தில் நிச்சயம் பிடிபடுவோம்.

றயில் பாதையை ஒரு வயதானவர் கடக்கிறார், நீங்கள் கண்டீர்கள். இரண்டு விதமாகச் சொல்லலாம்.

“ஐ ஸோ அன் ஓல்ட் மான் க்றொஸ் த லைன்.”
“ஐ ஸோ அன் ஓல்ட் மான் க்றொஸிங் த லைன்.”

முதலாவது, அவர் கடந்ததைக் கண்டன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை முழுவதையும் கண்டீர்கள், மனிதர் தப்பிவிட்டார். இரண்டாவது, அவர் கடக்கேக்கை கண்டன். நீங்கள் பார்த்தபோது அவர் நடுவில் நின்றார், பிறகு என்ன நடந்தது என்று வசனம் சொல்லவில்லை. ஒரு விபத்துக்குச் சாட்சி சொல்லும்போது இந்த இங் பெரிய இங்.

பேச்சில் ‘கடக்கேக்கை, வரேக்கை, போகேக்கை’ என்று வந்தால் இங். ‘கடந்ததை, வந்ததை, போனதை’ என்று வந்தால் வெறும் வினை.

வெறும் வினை என்றால் வெறும் வினைதான். “ஐ ஸோ ஹிம் க்றொஸ்ட் த ரோட்” என்று எழுதுவது எங்கள் பக்கத்தில் மிகப் பரவலான பிழை. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ‘கடந்ததை’ என்ற சொல்லுக்குள் இறந்தகாலம் இருக்கிறது, கை தானாக அதற்கும் ஒரு ஈடி போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் காலத்தைச் சுமப்பது முன்னால் நிற்கும் ஸோ மட்டும். பின்னால் வருவது காலமில்லாத மொட்டை வினை. அவன் தனி ஆள் என்றாலும் ‘க்றொஸஸ்’ என்று எஸ் ஒட்டக்கூடாது.

காதால் ஒரு உதாரணம். ஆவணி இரவு, வளவில் பனம்பழம் விழுகிறது, ‘தொப்’ என்று ஒரு சத்தம். “ஐ ஹேர்ட் எ பல்மைரா ஃப்ரூட் ஃபோல்.” இதில் ‘ஃபோலிங்’ போட்டால், பழம் காற்றில் வந்துகொண்டிருக்கும்போது எழுந்த சத்தத்தைக் கேட்டதாக ஆகிவிடும். அப்படியொரு சத்தம் கிடையாது. ஆனால் விடிய விடிய ஒவ்வொன்றாக விழுந்துகொண்டேயிருந்தால், “ஐ ஹேர்ட் பல்மைரா ஃப்ரூட்ஸ் ஃபோலிங் ஓல் நைற்.” கணத்தில் முடிகிற செயலுக்கு இங் சேர்ந்தால் அது திரும்பத் திரும்ப நடந்தது என்று பொருள். கதவில் ஒரு தட்டு தட்டினால் நொக், தட்டிக்கொண்டே நின்றால் நொக்கிங்.

இனி விலக்குகள்.

கேன் அல்லது குட் முன்னால் வந்தால் பின்னால் இங் மட்டும்தான். “ஐ கேன் ஸீ ஹிம் கமிங்.” கேன் ஸீ என்பது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிலை. முடிந்த செயலை அதற்குள் அடக்க முடியாது.

மணத்துக்கும் இங் மட்டும்தான். கறி அடிப்பிடிக்கிறது என்றால் “ஐ கேன் ஸ்மெல் சம்திங் பேர்னிங்.” ஒரு செயலின் தொடக்கத்தையும் முடிவையும் மூக்கால் அறிய முடியாதுதானே.

செயல் அல்லாத நிலை வினைகள் இந்த அமைப்புக்குள் வராது. அவருக்குச் சுகமில்லை என்று கண்டேன் என்பதை “ஐ ஸோ தற் ஹீ வொஸ் இல்” என்று தற் போட்டுத்தான் சொல்லவேண்டும். அங்கே பின்வினைக்கும் காலம் வந்துவிடும், ஏனென்றால் அது தனி வசனமாகிவிட்டது.

செயப்பாட்டு வினையாக மாற்றும்போது, மொட்டையாக நின்ற வினைக்கு ஒரு ரு முளைக்கும். “தே ஸோ ஹிம் என்ரர் த ஷொப்” என்பது “ஹீ வொஸ் ஸீன் ரு என்ரர் த ஷொப்” ஆகும். இங் வடிவத்துக்கு இந்தத் தொல்லை இல்லை: “ஹீ வொஸ் ஸீன் என்ரரிங் த ஷொப்.”

படி 6: இங் வந்தால் பொருள் மாறும் இடங்கள்

“ஐ ஆம் ஸீயிங்” என்று ஆங்கிலேயரும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது வேறு.

“ஐ ஆம் ஸீயிங் த டொக்ரர் ருமோரோ” என்றால் நாளைக்கு டொக்ரரைச் சந்திக்கப் போகிறேன். “த ஜட்ஜ் இஸ் ஹியரிங் த கேஸ்” என்றால் நீதவான் வழக்கை விசாரிக்கிறார். இரண்டும் வேண்டுமென்று செய்யும் காரியங்கள், எனவே இங் நியாயமாகவே வருகிறது. “ஹீ இஸ் ஹியரிங் திங்ஸ்” என்றால் இல்லாத சத்தமெல்லாம் அவருக்குக் கேட்கிறது. “ஐ ஆம் ஸீயிங் எ கேர்ள்” என்றால் ஒரு பெட்டையோடு பழகுகிறேன் என்று பொருள். பஸ் ஸ்ராண்டில் ஒரு பிள்ளை நிற்பது தெரிகிறது என்று சொல்ல வெளிக்கிட்டு இதைச் சொன்னால் வீட்டில் வேறு விசாரணை தொடங்கிவிடும்.

மாறிவரும் நிலைமைக்கும் திரும்பத் திரும்ப நடப்பதற்கும் இங் வரலாம். புதுக் கண்ணாடி போட்டபின் “ஐ ஆம் ஸீயிங் மச் பெற்றர் நவ்.” காலமையிலிருந்து அந்தச் சத்தம் அடிக்கடி வருகிறதென்றால் “ஐ ஹாவ் பீன் ஹியரிங் தற் நொய்ஸ் ஓல் மோர்னிங்.”

ஃபீல் ஒரு இளகிய சொல். உடம்பு நிலைக்கு “ஐ ஃபீல் கோல்ட்”, “ஐ ஆம் ஃபீலிங் கோல்ட்” இரண்டும் சரி, வித்தியாசம் தேடி மினக்கெட வேண்டாம். ஆனால் ‘நான் நினைக்கிறேன்’ என்ற பொருளில் “ஐ ஃபீல் தற்” என்று மட்டுமே.

படி 7: கேள்விப்பட்டன், விளங்குது

“நீங்கள் வீடு கட்டுறியள் எண்டு கேள்விப்பட்டன்.” தமிழில் இறந்தகாலம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் நிகழ்காலம்: “ஐ ஹியர் யூ ஆர் பில்டிங் எ ஹவுஸ்.” செய்தி எப்போது காதில் விழுந்தது என்பதல்ல, அது இப்போது என் கையில் இருக்கிறது என்பதே முக்கியம். “ஐ ஸீ தற் த கேற் ஹாஸ் பீன் பெயின்ரட்” என்பதும் அப்படித்தான். கேற்றுக்குப் பெயின்ற் அடித்ததை நான் காணவில்லை, பார்த்து விளங்கிக்கொண்டேன். தற் வந்துவிட்டால் அது கண்ணின் வேலையல்ல, அறிவின் வேலை.

கொஞ்சம் பயிற்சி

விடையை மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

“றோட்டிலை ஆரோ கத்துறது கேக்குது.” எனக்கு-வகை, ஆகவே கேன். கேன் வந்ததால் பின்னால் இங்: “ஐ கேன் ஹியர் சம்வன் ஷௌற்றிங் ஒன் த ரோட்.”

“அப்பா செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறார்.” தலை அப்பா, வேண்டுமென்று கேட்கிறார்: “அப்பா இஸ் லிஸனிங் ரு த நியூஸ்.”

“என்ரை திறப்பைக் கண்டனீங்களே?” தேடல் இன்னும் முடியவில்லை, ஆகவே முற்றுநிகழ்காலம்: “ஹாவ் யூ ஸீன் மை கீ?”

“பெடியன் மதிலாலை குதிச்சதைக் கண்டனான்.” குதிச்சதை, ஆகவே மொட்டை வினை: “ஐ ஸோ த பொய் ஜம்ப் ஓவர் த வோல்.” ‘ஜம்ப்ட்’ என்று வந்திருந்தால் படி 5க்குத் திரும்பிப் போங்கள்.

“கறுத்தக்கொழும்பானை மணந்து பாத்திட்டுத்தான் வாங்கினவ.” பார் ஒட்டியிருக்கிறது, நான்-வகை: “ஷீ ஸ்மெல்ற் த மாங்கோ பிஃபோர் ஷீ போட் இற்.” அமெரிக்கர்கள் ‘ஸ்மெல்ட்’ என்பார்கள்.

கடைசி கொஞ்சம் கடினம். “உங்கடை குரல் தடிமன் பிடிச்ச மாதிரி இருக்கு.” தமிழில் எழுவாய் குரல். ஆங்கிலம் குரலை விட்டுவிட்டு ஆளையே அது-வகையின் எழுவாயாக்கிவிடும்: “யூ சவுண்ட் அஸ் இஃப் யூ ஹாவ் எ கோல்ட்.”